காக்கா இறங்காத கம்பிவலை

புதிதாகக் கொத்தனார் கரண்டி பிடிக்க வந்திருக்கும் பெண்பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் ‘வூடு’ என்றால் அவள் ‘வீடு’ என்று திருத்திக்கொள்கிறாள். வீட்டைக் கட்டிய எனக்கு இல்லாத அக்கறை அவளுக்கு. போகட்டும்.

கலவைக்கு மணல் எத்தனை சட்டி, சிமெண்ட் எத்தனை சட்டி என்று என்னிடம் கேட்கிறீர்கள். அதை எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்லுவார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதைத்தான் ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள். நான் பார்த்த ஒழுகலில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கம். குரும்பலூரைத் தாண்டி ஒரு ஊர். அங்கே ஒரு மணியக்காரர் இருந்தார். பரம்பரையாக ஊர் அதிகாரம் பார்த்த குடும்பம். அரசாங்கம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. பதவி போனாலும் பட்டப்பெயர் போகவில்லை, குரலும் போகவில்லை. ஆள ஊர் இல்லாததால் வீட்டுக் கூரையை ஆண்டுகொண்டிருந்தார்.

அந்த வீடு முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு ஓட்டுக் கூரை உள்ளது. இரண்டு சரிவும் நடுவில் சந்திக்கும் இடத்தில் நீளமாக ஒரு தகர வாய்க்கால். இரண்டு கூரையின் மழையும் அதில் விழுந்து, பக்கத்துச் சந்தில் இருந்த சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கும். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. விறகு தீர்ந்துபோகும், பருப்பு நம்மை முறைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் தொட்டித் தண்ணீர்தான் உலைக்கு. பின்னால் நின்ற வேப்பமரத்துக்கு இதெல்லாம் தெரியுமா? இலை, பூ, பழம், குச்சி என்று எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் தொட்டிக்குப் போகாது, நேரே கூடத்தின் நடுவில் இறங்கும். அந்தக் கூடத்தில்தான் ஐப்பசியில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள்.

வாய்க்காலுக்கு மேல் ஒரு வலை போட்டு மூடச் சொல்லி எங்கள் மேஸ்திரியிடம் வேலை வந்தது. மேஸ்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இருந்த காலத்திலேயே நாங்கள் யாரும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் அவரிடம் சித்தாளாகச் சட்டி சுமந்திருக்கிறேன். அப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஏணியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“ஏ புள்ள, இந்த வேலைய நீ ஏறிச் செய்யி. மழைக்கு நின்னுச்சின்னா ஒன் கையில கரண்டி. ஒழுவுனுச்சின்னா மறுபடி சட்டிதான். ஒனக்கு மட்டுமில்ல. ஒனக்குப் பின்னால பதினோரு பேரு நிக்கிறாளுவளே, அவளுவளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

நீங்கள் இன்று ஏணியில் ஏறுகிறீர்களே, அது அன்று அந்தத் தகர வாய்க்காலில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

மணியக்காரர் லேசில் விடவில்லை. வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு விசாரணை நடத்தினார். பழைய பழக்கம். நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவர்களை எல்லாம் வரவழைத்தார். திருச்சியிலிருந்து வந்த மச்சான் பச்சை நைலான் வலைதான் நாகரிகம் என்றார். பள்ளிக்கூட வாத்தியார், தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு மூடுவதுதான் விஞ்ஞானம் என்றார். கோயில் தர்மகர்த்தா, தேங்காய் நாரைத் திணித்தால் தண்ணீர் வடிகட்டி வரும், அதுதான் நம்ம முறை என்றார். மூன்று பேரில் ஒருவரும் கூரை ஏறியதில்லை.

நான் போய் ஒரு குடம் தண்ணீரும் இரண்டு கை வேப்பிலைச் சருகும் கொண்டுவந்தேன். நைலான் வலையைப் பிடிக்கச் சொல்லி மேலே ஊற்றினேன். அது தூளி மாதிரித் தொங்கி இலையை எல்லாம் தாலாட்டியது. ஓட்டைத் தகரத்தில் ஊற்றினேன். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பூ போய் உட்கார்ந்துகொண்டது. தேங்காய் நாரில் ஊற்றினேன். அரைக்குடம் தண்ணீரை அதுவே குடித்துவிட்டு, மிச்சத்தைக் காப்பி நிறத்தில் துப்பியது.

“இவ எதுக்கு எல்லாத்தையும் நனைக்கிறா?” என்று மச்சான் கோபித்துக்கொண்டார்.

“மழையும் அதத்தாங்க செய்யும்” என்றேன்.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்புகிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சித்தாளுக்குத் தெரிந்த வலை ஒன்று இருக்கிறது. மணல் சலிக்கிற கம்பிவலை. பன்னிரண்டு வருஷம் அதோடு மாரடித்திருக்கிறேன். அதை வாங்க அரியலூர் கடைத்தெருவுக்குப் போனேன். சோதித்துப் பார்க்க மடி நிறைய வேப்பிலை, கூடவே பூவும் கொட்டையும். பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தாரோ, வழியில் சாமி வந்துவிடும் என்று பயந்தாரோ, ஒரு ஆளை எழுப்பிவிட்டு உட்கார இடம் கொடுத்தார். நானும் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டேன். உட்காரக் கிடைத்த இடத்தை யார் விடுவார்கள்?

கடைக்காரர், “எத்தனாம் நம்பரு வலைம்மா வேணும்?” என்றார்.

“நம்பரெல்லாம் தெரியாதுங்க. வேப்பம்பூ உள்ள போவணும், வேப்பங்கொட்டை போவக் கூடாது. அது என்ன நம்பரு?”

“அப்புடி ஒரு நம்பரே இல்லம்மா.”

“அப்பக் கொஞ்சம் தண்ணி குடுங்க, நானே பாத்துக்கறேன்.”

கடை வாசலை நனைத்துத்தான் வாங்கினேன். அவர் திட்டியதை இங்கே எழுத வேண்டாம் என்கிறாள் பேத்தி.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மேஸ்திரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “வலைய வளச்சு, கூண்டுவண்டி மாதிரி மேடாப் போடு. எல வுழுந்தா வழுக்கும், காஞ்சா காத்துல போயிடும். தட்டையாப் போட்டியின்னா அது மூடியில்ல, தட்டு.” சரி என்று தலையாட்டியிருந்தேன். வேலை தொடங்கிய அன்று மேஸ்திரி திருமழபாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஏறுவதற்கு முன்னால் வலையைத் தரையில் வைத்து வளைத்துக்கொண்டிருந்தேன், மணியக்காரர் வந்து பார்த்தார்.

“என்ன இது, என் வூட்டுக் கூரை என்ன கூண்டுவண்டியா? தட்டையாப் போடு. பாக்க லட்சணமா இருக்கணும்.”

“ஐயா, மேஸ்திரி சொன்னாரு...”

“வூடு மேஸ்திரியோடதா, என்னோடதா?”

கூரை மேல் என்னைத் தவிர யாரும் ஏறப் போவதில்லை. அங்கே யார் லட்சணம் பார்க்கப் போகிறார்கள்? காக்காதான் பார்க்கும். அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். முதல் வேலை, பயம். தட்டையாகவே போட்டேன்.

தட்டையாகப் போடச் சொல்லிவிட்டு மணியக்காரர் குடையை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். எதற்குத் தெரியுமா? ஒரு பொம்பளை தன் தலைக்கு மேல் நிற்கக் கூடாதாம். நிற்பதைத் தடுக்க வழியில்லை, வேலை ஆக வேண்டும். அதனால் தலையை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு நாளும் நான் ஏணியில் கால் வைத்தால் அவர் பஸ்ஸில் கால் வைப்பார்.

இது நடந்தது ஆனி மாதம். பிறகு ஆடி, ஆவணி, புரட்டாசி என்று ஓடியது. அவ்வப்போது சின்னத் தூறல். தொட்டிக்குத் தண்ணீர் சுத்தமாக வந்தது. மணியக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் வலையைக் காட்டி, அதைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமைதான்.

ஐப்பசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வேப்பந்தட்டையிலிருந்து வந்திருந்தார்கள். எடுபிடி வேலைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. ஓடு தெரியாத மழை. கொஞ்ச நேரத்தில் கூடத்தின் நடுவே, வெற்றிலைத் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, மேலேயிருந்து பாம்பு மாதிரி ஒரு தண்ணீர் இறங்கியது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஜமக்காளத்தைச் சுருட்டுகிறார்கள், குழந்தைகளைத் தூக்குகிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“பொண்ணுக்குச் சீரா என்ன நெலம் குடுக்குறீங்கன்னு கேக்கவே வேணாம் போலருக்கே. நடுக்கூடத்துலயே நாத்து வுடலாம்” என்றார்.

மணியக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பக்கச் சந்துக்கு ஓடினார். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாய்க்காலின் வாய்ப்பக்கம், தொட்டிக்கு மேலே, அடைத்திருந்தது. தொட்டிக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஏணி நனைந்து வழுக்குகிறது. எல்லா ஆண்களும் ஏணியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஏய்! அந்த வலை போட்டவ எங்க? ஏறுடீ!” என்று கத்தினார் மணியக்காரர். மழைக்கு நடுவில் பெரம்பலூர் போக முடியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

ஏறினேன். கையை விட்டேன். வேப்பிலை இல்லை. வாழை இலை. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. கீழே உள்ளது சருகாகியிருந்தது, மேலே உள்ளது பழுப்பு. நடுவில் சோறு பசையாகி வலையோடு ஒட்டி, அந்தப் பாரத்தில் வலை தொய்ந்து வாய்க்காலின் வாயை மூடியிருந்தது. வடை கல்லாகிக் கிடந்தது. ஆடி, ஆவணி, புரட்டாசி. மூன்று அமாவாசைக்குக் காக்காய்க்கு வைத்த படையல்.

இலை விழக் கூடாது என்று வலை போட்டோம். அந்த வலையின் மேல் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறார்கள்!

கீழே பார்த்தேன். பின்கட்டு வாசலில் மணியக்காரர் சம்சாரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. என்னைப் பார்த்து, இல்லை இல்லை என்பது போலத் தலையை லேசாக அசைத்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கண்ணில் இருந்த பயம் மட்டும் புரிந்தது.

“என்னடீ அடச்சிருக்கு?”

எத்தனை பேர் குடைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கிறார்கள்! உண்மையைச் சொன்னால் என் வேலை தப்பிக்கும். மூன்று இலையையும் சுருட்டி வடையோடு சேர்த்து மடியில் திணித்துக்கொண்டேன். தண்ணீர் குபீரென்று தொட்டியில் விழுந்தது.

“வேப்பிலதாங்க” என்றேன்.

அன்று பொழுது சாய்ந்து, மாப்பிள்ளை வீட்டார் நல்லபடியாகவே பேசி முடித்துக் கிளம்பிய பிறகு தீர்ப்பு வந்தது.

“மரத்த வெட்டணும். வலையக் கழட்டணும். பொம்பளைய ஏணியில ஏத்துனது என் தப்பு. இனிமே இந்தச் சுத்துப்பட்டுல எவளாவது கூரை ஏறுனா நானே போயி எறக்கிவுடுவேன்.”

மேஸ்திரியிடம் போய் மடியை அவிழ்த்துக் காட்டினேன். வடையை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது.

“தட்டையாப் போட்டா தட்டுன்னு சொன்னேனா இல்லியா? வச்சி சாப்புட்டே இருக்காங்க.” சிரித்து முடித்துவிட்டு, “போயி ஐயாகிட்ட சொல்லிடு” என்றார்.

“அந்தம்மா என்னமோ பயப்படுறாங்க மேஸ்திரி. நான் எப்புடி அவங்களக் காட்டிக் குடுக்குறது?”

“அப்ப சட்டியத் தூக்கு.” வடையைத் திரும்ப என் மடியிலேயே போட்டுவிட்டு, “அந்தம்மாவுக்குக் கேக்குற மாரி போயி பேசு. சொல்றதும் சொல்லாததும் அவ்வொ பாடு” என்றார்.

மூன்றாம் நாள் காலை வலையைக் கழற்றப் போனேன். மரம் வெட்டுகிற ஆட்கள் கயிறும் கோடாலியுமாக வந்து, மரத்தடியில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மணியக்காரர் வீட்டு அம்மா தொட்டியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா, என்னையும் இந்த மரத்தையும் சேத்து வெட்டப் போறாங்க. காக்காய்க்கு வச்ச சோறுன்னு சொன்னா என்னம்மா? எல்லார் வூட்லயும் வைக்கிறதுதானே?”

அம்மா குடத்தைக் கீழே வைத்தார்கள்.

“வச்சது தப்பில்ல புள்ள. முன்ன கெணத்துச் சொவத்துல வப்பேன், நாய் வந்து வழிச்சிட்டுப் போயிடும். நீ தட்டையா ஒண்ணு போட்டுக் குடுத்தியா, தொட்டித் திட்டுல ஏறுனா கை எட்டுது, நாயும் வராது. நல்லதாப் போச்சுன்னு வச்சேன். காக்கா வரல.”

“வரலியா?”

“சொவத்துக் கிட்ட வருது, தலையச் சாய்ச்சுப் பாக்குது, பறந்துடுது. ஐயாவுக்குக் காக்கா எடுக்காம சாப்புடக் கூடாது. ஆடி அமாவாச அன்னிக்கு உச்சி சாஞ்சும் காத்துக்கெடந்தாரு. பசி தாங்காத மனுசன், கை ஒதற ஆரம்பிச்சிட்டுது. ‘எடுத்துடுச்சுங்க, சாப்புடுங்க’ன்னுட்டேன். ஒருதரம் சொன்னேன், அப்புறம் மூணு தரமும் சொல்ல வேண்டியதாப் போச்சு. படைச்சதக் கையால எடுக்கவும் மனசு வரல. அவங்கப்பா சாப்புடாம இவரு சாப்புட்டாருன்னு தெரிஞ்சா, இனிமே என் கையால ஒரு வாய் தண்ணி வாங்குவாரா?”

தன் புருஷன் பசியோடு இருக்கக் கூடாது என்று ஒரு பொய். அந்தப் பொய்யின் மேல் மூன்று இலை. அதற்கு மேல் என் கரண்டி.

மரத்தில் முதல் வெட்டு விழுந்தது. அந்த மரத்தடியில்தான் அம்மா இருபது வருஷமாக அரிசி புடைத்தது, வெங்காயம் ஆய்ந்தது, பிள்ளைக்குப் பேன் பார்த்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே போனார்கள்.

“நிறுத்துங்கப்பா! மரத்து மேல ஒரு தப்பும் இல்ல. இந்தப் புள்ள மேலயும் இல்ல. அடச்சது நான் வச்ச படையல். மூணு அமாவாசையா காக்கா எடுக்கல. எடுத்துடுச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்.”

மரம் வெட்டுவதைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மணியக்காரர் எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப... எங்கப்பா சாப்புடாம, நான் மூணு அமாவாச வடை தின்னிருக்கேன்?”

கோடாலிக்காரர் கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மணியக்காரர் குரல் இறங்கி, முதல் தடவையாக ஒரு சாதாரண மனுஷன் குரலாக வந்தது.

“அப்பாவுக்கு என் மேல என்ன கோவம்? ஏன் வரல?”

நான் இங்கே வாயைத் திறந்தேன். திறக்கக் கூடாத இடம்தான்.

“ஐயா, அவருக்குக் கோவமில்லிங்க. காக்காய்க்குத்தான் பயம். வலை புதுசு, வெயில்ல மினுக்கு மினுக்குன்னு மின்னுது. எது மின்னுனாலும் காக்கா கண்ணியின்னு நெனைக்கும். கொல்லைல சோளத்துக்குக் காவலாத் தகரம் கட்டித் தொங்கவுடுறோமே, எதுக்குங்க? நீங்க ரெண்டு கவளம் சோறு குடுங்க, பாத்துடலாம்.”

விசாரணை என்றால் அவரால் விட முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு கவளம் வலையின் மேல், ஒரு கவளம் பின்பக்கத்து உயர்ந்த மதில் மேல். அவர், அம்மா, நான், கோடாலிக்காரர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த ஊரில் அதற்கு முன் ஒரு காக்காய்க்கு அத்தனை மரியாதை நடந்திருக்காது. ஒன்று வந்தது. வலைக்குப் பக்கத்து ஓட்டில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. வெருண்டு எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி மதிலில் இறங்கி, கவளத்தை ஒரே கொத்தில் தூக்கிக்கொண்டு, நேரே வேப்பமரத்துக் கிளையில் போய் உட்கார்ந்து தின்றது. அவர் வெட்டச் சொன்ன அதே மரம்.

மணியக்காரர் வெகுநேரம் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, “பசிச்சா நானே சொல்லியிருப்பேன்ல?” என்றார்.

“எங்க சொன்னீங்க? கைதான் ஒதறுச்சு” என்றார்கள் அம்மா.

கோடாலிக்காரர்கள் மிச்சக் கூழையும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மதில் மேல் ஒரு கடப்பைக் கல்லைப் பதித்துக் கொடுத்தேன், காக்காய்க்கு. வலையைக் கழற்றி, மேஸ்திரி சொன்னபடி வளைத்து மேடாகப் போட ஏணியைச் சாத்தினேன். குடையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கிளம்பவில்லை. ஏணிக்கு அடியில் வந்து நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். தலையில் துண்டுகூட இல்லை.

பெண்பிள்ளைகளே, இதில் எடுத்துக்கொள்ள வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் மானத்தை நாலு பேர் முன்னால் காப்பாற்றுங்கள், அது சரி. ஆனால் அந்தப் பொய்யை மூன்று நாளுக்கு மேல் கூரையில் விட்டுவைக்காதீர்கள், அதுவும் அடைத்துக்கொள்ளும். வளைவு வேண்டும் என்று தெரிந்தால் தட்டையாகப் போடாதீர்கள், யார் சொன்னாலும். வேறு என்ன... ஆமாம், மேஸ்திரி அன்று சாயங்காலம் தன் பழைய கரண்டியைக் கொடுத்தார். கைப்பிடி தேய்ந்து என் கைக்குப் பெரிதாக இருந்தது. துணி சுற்றிக்கொண்டேன்.

நான் மேலே வலையை வளைத்துக்கொண்டிருந்தபோது, தெருவில் போன வாத்தியார் நின்று பார்த்தார்.

“என்ன மணியக்காரரே, கூண்டுவண்டி மாதிரி இருக்கு?”

“அப்புடித்தான் போடணும் சார். ஆரம்பத்துலேருந்தே நான் சொல்லிட்டு இருந்தது அதான்” என்று ஏணியைப் பிடித்தபடியே சொன்னார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, “இல்லியா புள்ள?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளோடு மேலே நின்றுகொண்டு யார் சண்டை போடுவார்கள்?